நிலா இல்லாத அரை மணி நேரம்

அந்த வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கும் காலண்டரில் யாரும் கிழமை பார்ப்பதில்லை, பிறைதான் பார்ப்பார்கள். நிலா பாதிக்கு மேல் வளர்ந்துவிட்டால் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்புவாள். பாதிக்குக் கீழே தேய்ந்ததும் அம்மா இறங்குவாள், அப்பா ஏறுவார். ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இன்னொருவர் ஷூ மாட்டிக்கொண்டிருப்பார். பால் தீர்ந்துவிட்டது, பாப்பாவுக்கு இருமல், குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று இரண்டு மூன்று செய்தி கைமாறும், கூடவே கார் சாவியும் கைமாறும், அவ்வளவுதான் குடித்தனம். "உங்களுக்குள்ள ஏதாவது சண்டையாம்மா? ஒருத்தர் இருந்தா ஒருத்தர் இருக்க மாட்டேங்கிறீங்களே" என்று பக்கத்து வீட்டம்மாள் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டாள். சண்டை போடுவதற்கும் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்க வேண்டாமா?

இருவருக்குமே பிழைப்பு வானத்தில்தான். ஒரே பேராசிரியரிடம் ஒன்றாகப் படித்தவர்கள், இருவரும் வெடிக்கிற நட்சத்திரங்களில்தான் ஆரம்பித்தார்கள். எங்கோ ஒரு நட்சத்திரம் செத்த சேதி பல கோடி வருஷம் கழித்து இங்கே வந்து சேரும். அந்த வெளிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு எப்படிச் செத்தாய் என்று குடைந்து குடைந்து கேட்கிற வேலை. அவள் அதில் கெட்டிக்காரியாகத்தான் இருந்தாள். பட்டம் வாங்கிக் கல்யாணமும் ஆன பிறகு, "பிரேதப் பரிசோதனை போதும்ப்பா எனக்கு. போயிட்டுத் திரும்பி வர்ற ஏதாவது ஒண்ணைப் பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிரகங்கள் பக்கம் போய்விட்டாள். வெளியில் சொன்ன காரணம் அது. உள்ளதைச் சொன்னால், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தொலைநோக்கியில் ஒரே இருட்டுக்கு அடித்துக்கொண்டால் வீடு உருப்படாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெடித்த நட்சத்திரம் மங்கலானது, அதற்குக் கன்னங்கரேலென்ற வானம் வேண்டும். கிரகம் தேடுகிறவர்கள் அந்தக் கிரகம் சுற்றுகிற நட்சத்திரத்தைத்தான் பார்க்கிறார்கள், அது கொஞ்சம் பிரகாசமாக இருக்கும், நிலா வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்கும். அதனால் மலைமேல் இருக்கிற தொலைநோக்கியின் இரவுகளைப் பங்கு போடும்போது இருட்டெல்லாம் அவன் கட்சிக்கு, நிலாவெல்லாம் அவள் கட்சிக்கு. மலையில் வேலை செய்கிறவர்கள் அவளைப் 'பௌர்ணமி' என்றும் அவனைக் 'கும்மிருட்டு' என்றும்தான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரேயே கூப்பிட்டார்கள்.

பளிச்சென்ற நட்சத்திரங்களை எல்லாம் பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் எப்போதோ வளைத்துப் போட்டுவிட்டார்கள். அவளுக்கு மிஞ்சியது சுமாரான ஒன்று. அதை எட்டு வருஷம் விடாமல் பார்த்தாள். கிரகம் சுற்றும்போது தன் நட்சத்திரத்தையும் லேசாக இழுக்கும், நட்சத்திரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அசையும். ஒரு சைக்கிள்காரன் போகிற வேகம்கூட இருக்காது அந்த அசைவு. நட்சத்திரத்தின் வெளிச்சத்தை வண்ணப் பட்டையாகப் பிரித்தால் அதில் மெல்லிய கறுப்புக் கோடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நட்சத்திரம் அசைந்தால் கோடுகளும் மயிரிழையில் நகரும், அந்த நகர்வை அளக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை என்று சொல்வார்களே, அது இதுதான்.

எட்டு வருஷத்துப் புள்ளிகளையும் சேர்த்தபோது அலை மாதிரி ஒரு கோடு எழுந்து நின்றது. ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. ஒரு கிரகம். அதன் வருஷம் நம் வருஷத்தைவிட ஏழெட்டு நாள்தான் அதிகம்.

நம் வருஷத்தோடு இவ்வளவு நெருக்கமாக இருப்பது நல்ல அறிகுறி இல்லை என்று இந்தத் தொழிலில் கத்துக்குட்டிக்கும் தெரியும். கருவி அறையில் கோடையும் குளிரும் மாறுவதால் இப்படி ஒரு பொய்யலை வரலாம், பூமியின் ஓட்டத்தைச் சரியாகக் கழிக்காவிட்டாலும் வரலாம். ஆளாளுக்கு அதையே கேட்டார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து அலசி, இல்லை இல்லை என்று காட்டினாள். அதற்கே மூன்று வருஷம் போனது. நிலாவைப் பற்றியும் ஒருவர் கேட்டார். நிலாவுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கிற இரவுகளில் அளப்பதே இல்லை என்று எழுதினாள், அவரும் சரி என்று விட்டுவிட்டார். கடைசியில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஊருக்குள் இருக்கும் ஆய்வு நிலையத்தில் அவளுடைய வேலை தற்காலிகம், அந்த வருஷத்தோடு முடிகிறது. இந்தக் கிரகம் வெளிவந்தால் வேலை நிரந்தரம் என்று மேலிடம் வாய்விட்டே சொல்லியிருந்தது. வராவிட்டால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டி எங்கேயாவது போய்த்தான் பிழைக்க வேண்டும். அவனுடைய வேலை இங்கே நிரந்தரம், மகளின் பள்ளிக்கூடமும் இங்கே. இப்போதாவது வாசலில் பார்த்துக்கொள்கிறார்கள், அப்புறம் அதுவும் கிடையாது. வியாழக்கிழமை சாயங்காலம் பத்திரிகைக்காரர்களை அழைத்து அறிவிப்பது என்று முடிவானது.

எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் அந்த ஒற்றைப் புள்ளி அவள் உயிரை வாங்க ஆரம்பித்தது.

போன மாதம் மகளுக்குத் திடீரென்று குடல்வால் அறுவை. அது அப்பாவின் முறை, இருட்டு வாரம். பாப்பா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, அவனுக்குப் பதிலாக அவள் மலை ஏறினாள். கிரகங்கள் பக்கம் போன பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக நிலா இல்லாத வானத்தை அங்கே நின்று பார்த்தாள். இருட்டியதும், அவனுடைய முதல் நட்சத்திரம் கிழக்கே ஏறி வருவதற்குள் கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று தன் நட்சத்திரத்தையும் ஒருமுறை அளந்து வைத்தாள்.

அந்தப் புள்ளி அலையில் உட்காரவில்லை, தள்ளி விலகி நின்றது. கூட வேலை செய்கிறவர்கள், "நூத்துக்கணக்குல ஒண்ணு அப்படித்தான் இருக்கும், தூக்கிப் போடுங்க" என்றார்கள். அவளும் தூக்கித்தான் போட்டாள். ஆனால் செவ்வாய்க்கிழமையன்று, அறிவிப்புக்குப் படம் தயார் செய்யும்போது, அந்தப் புள்ளி இருந்த இடம் வெறுமையாக இருந்ததைப் பார்த்தாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற புள்ளிகள் அத்தனையும் நிலா இருந்த இரவுகளில் எடுத்தவை. இது ஒன்றுதான் நிலா இல்லாமல் எடுத்தது. 

புதன்கிழமை மத்தியானம் மலைக்குப் போன் போட்டாள். அது இருட்டு வாரம், அவன் மேலே இருந்தான். அவனுக்கும் அன்று தலைக்கு மேல் வேலை. முந்தின நாள்தான் ஒரு நட்சத்திரம் வெடித்திருந்தது, பிறந்து ஒரு நாள்கூட ஆகாத வெடிப்பு. அவன் ஆயுளில் இவ்வளவு இளசாக ஒன்று சிக்கியதில்லை. ஆனால் அது மேற்கே தாழ்வாக இருந்தது. சூரியன் மறைந்து இருட்டியதும் அரை மணி நேரம், அதற்குள் எடுத்தால் உண்டு. அப்புறம் மலை முகட்டுக்குப் பின்னால் இறங்கிவிடும். அவளுடைய நட்சத்திரமும் மேற்கேதான் இருந்தது, அதற்கும் அதே அரை மணிதான்.

"எனக்கு ஒரு புள்ளியைச் சரிபார்க்கணும்" என்றாள். "இன்னிக்கே. நாளைக்குச் சொல்லப்போறாங்க."

"என்ன புள்ளி?"

"ஒரு புள்ளிப்பா. மனசு கேக்கலை. உன் அரை மணியை எனக்குக் குடுக்க முடியுமா?"

கேட்டுவிட்டுக் காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். இவன் சாமானியப்பட்டவன் இல்லை. வந்த மந்திரி ஒருவர் தொலைநோக்கியில் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டபோது, இருட்டு வீணாகிறது என்று முகத்துக்கு நேரே சொன்னவன். கல்யாண நாளுக்கு வீட்டுக்கு வரச் சொன்னால், அன்றைக்கு என்ன பிறை என்று கேட்டவன்.

"சரி" என்றான் அவன். "எடுத்து அனுப்புறேன்."

"உன் நட்சத்திரம்?"

"பார்த்துக்கலாம். நீ ஆபீஸ்லயே இரு."

அவ்வளவு சுலபமாகச் சரி என்று வந்ததில் ஏதோ ஒன்று நெருடியது. நெருடியதை உட்கார்ந்து யோசிக்க அவளுக்கு அப்போது நேரம் இல்லை, மனமும் இல்லை.

சாயங்காலம் நிலையம் காலியானது. துடைக்கிற அம்மாள் வாளியோடு வந்து, "காலைத் தூக்குங்கம்மா" என்று மேஜைக்கு அடியில் துடைத்துவிட்டுப் போனாள். அவள் தூக்கிய காலைக் கீழே வைக்காமலே உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் வானம் மஞ்சளாகி, ஊதாவாகி, கறுத்தது. வானத்தில் நிலா இல்லை. 'மேகம் இல்லை, ஆரம்பிக்கிறேன்' என்று அவனிடமிருந்து ஒரு வரி வந்தது. கணக்கு எளிது. கிரகம் இருந்தால் இந்த மாதம் நட்சத்திரம் நம்மை நோக்கி நன்றாகவே நகர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் போன மாதத்து ஒற்றைப் புள்ளி நின்ற இடத்திலேயே இதுவும் நிற்கும்.

ஃபைல் வந்து சேர்ந்தது. கணக்கை ஓட விட்டாள். விடை விழுகிற இடத்தில், கம்ப்யூட்டர் திரையின் மேலேயே, ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துக்கொண்டாள். நாற்பத்தொரு வயதில், ஊர் மெச்சிய விஞ்ஞானி, பரீட்சை மார்க்கைப் பார்க்கப் பயப்படுகிற பிள்ளை மாதிரி இருந்தாள். அப்புறம் காகிதத்தைப் பிய்த்தாள்.

நட்சத்திரம் நகரவில்லை.

இன்னொரு தடவை ஓட விட்டாள். வேறு வழியில் ஓட விட்டாள். எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது. அப்புறம் செய்ய வேண்டியதைச் செய்தாள். நிலா இருந்த பழைய இரவுகளின் வெளிச்சத்திலிருந்து இன்றைய இருட்டு வெளிச்சத்தைக் கழித்தாள். மிச்சம் பூஜ்யமாக இருக்க வேண்டும். மங்கலாக, ஆனால் ஒழுங்காக, ஒரு கோட்டு வரிசை மிஞ்சி நின்றது. அது அவளுடைய நட்சத்திரத்தின் கோடுகள் இல்லை. மெல்லிய மேகம் இருந்த இரவுகளில் நிலா எவ்வளவு தள்ளி இருந்தாலும் அதன் வெளிச்சம் வானமெங்கும் பரவிக் கருவிக்குள் சிந்தியிருக்கிறது. பளிச்சென்ற நட்சத்திரமாக இருந்தால் அந்தச் சிந்தல் தெரிந்தே இருக்காது. அவளுடையது சுமாரானது.  யாரும் இல்லை என்பதால் அழுதாள், கொஞ்ச நேரம் சத்தமாகவே அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மலைக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"பார்த்துட்டேன்" என்றாள்.

"நிலாதானா?" என்றான் அவன்.

அவள் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்து, அப்படியே நிறுத்தினாள். கையிலிருந்த துண்டை மேஜைமேல் வைத்தாள்.

"நான் நிலான்னு சொல்லவே இல்லையே."

மறுபக்கத்தில் தொலைநோக்கிக் கூடத்தின் கதவு மூடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஒரு புள்ளின்னுதான் சொன்னேன். நிலான்னு எப்படித் தெரியும் உனக்கு?"

"இல்ல... யோசிச்சுப் பார்த்தேன்..."

"எப்பத்திலிருந்து யோசிக்கிறே?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். இத்தனை நாள் சொல்லாமல் இருக்கத் தெரிந்திருக்கிறது, பொய் சொல்லத்தான் தெரியவில்லை. "ரெண்டு வருஷம் இருக்கும்" என்றான். "உன் நட்சத்திரத்தோட வெளிச்சம் எவ்வளவுன்னு ஒருநாள் சும்மா கணக்குப் போட்டேன். நிலாவுக்கு அது தாங்காதுன்னு தோணுச்சு. நிச்சயமா தெரியாது. தோணுச்சு, அவ்வளவுதான்."

அவள் போனை வைத்துவிட்டாள். கிரகம் போன துக்கம் ஒரு பக்கம் கிடந்தது. அதற்கு மேலே ஏறி உட்கார்ந்தது கோபம். இரண்டு வருஷமாக அவள் அந்தக் கிரகத்துக்காக ஓடிய ஓட்டமெல்லாம் அவன் கண் முன்னால்தான். பாப்பா அதற்குப் பெயர் வைத்து வகுப்பு முழுக்கச் சொல்லியிருந்தாள். அவனும் கூட உட்கார்ந்து சிரித்தான். சிரித்தானே! அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில் நேராக டைரக்டர் அறைக்குப் போனாள். டைரக்டர் சூரியனை ஆராய்கிறவர். பகலில் வேலை, ராத்திரி நிம்மதியான தூக்கம் என்று நிலையமே அவரைப் பார்த்து வயிறெரியும். சாயங்காலக் கூட்டத்துக்கென்று தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார். அவள் நேற்று மிஞ்சிய கோட்டு வரிசையை அச்செடுத்து அவர் மேஜையில் வைத்தாள்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது எங்க ஆளாச்சே" என்றார், சொந்தக்காரனைத் தெருவில் பார்த்த சந்தோஷத்தில். "சூரியன். முப்பது வருஷமா இவன் முகத்துலதான் முழிக்கிறேன். இதை எதுக்கு எங்கிட்ட குடுக்கிறீங்க?"

"அது என் நட்சத்திரத்தோட வெளிச்சத்துக்குள்ள இருந்துச்சு சார். நிலாவுல பட்டு, மேகத்துல சிதறி உள்ள வந்திருக்கு."

அவர் கண்ணாடியை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டார். "அப்ப உங்க கிரகத்தோட வருஷம்..."

"நம்ம வருஷம்தான் சார், அந்த ஏழெட்டு நாள் அளவுல வந்த பிசகு. பூமியோட ஓட்டத்தைக் கழிக்கிறப்போ இந்தக் கோடுகளையும் சேர்த்து ஆட்டியிருக்கேன். பூமி சூரியனைச் சுத்துறதைத்தான் எட்டு வருஷமா அளந்துட்டு இருந்திருக்கேன். கிரகம் இருக்கு. ஆனா நாம அதுமேலதான் உட்கார்ந்திருக்கோம்."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கூட்டத்தை நான் நிறுத்திக்கிறேன். சொல்றதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சீங்களே, அது பெருசு. ஆனா உங்க வேலை விஷயம் என் கையில மட்டும் இல்லைம்மா. இதுக்கப்புறம் மேல எடுபடாது. பொய்யா நம்பிக்கை குடுக்க விரும்பலை." கொஞ்சம் பொறுத்து, "இத்தனை பேர் பார்த்தோமே, ஒருத்தருக்குக்கூடத் தோணலையே" என்றார்.

அவன் பெயர் அவள் நாக்கு நுனி வரை வந்தது. "தோணியிருந்தா சொல்லியிருப்பாங்க சார்" என்றாள். சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவள் காதிலேயே குத்தியது.

வெளியே வந்தால் வராந்தா பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். முகம் மழிக்கவில்லை, மலைக்குப் போடுகிற தடித்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இருட்டு வாரத்தின் நடுவில் யாரும் கூப்பிடாமல் அவன் மலையை விட்டு இறங்கி வந்ததை அந்த நிலையம் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாப்பாவின் அறுவைக்குக்கூட அவள் மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

அவள் உட்காரவில்லை. "நேத்து உங்க நட்சத்திரம்?" என்று கேட்டாள். கல்லூரி நாளிலிருந்து நீ, வா, போ என்றே பேசிப் பழகியவள், அடுத்தவர் யாரும் இல்லாத இடத்தில் 'உங்க' என்று சொன்னதும் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"போச்சு. உன்னோடது முடியறதுக்குள்ள முகட்டுக்குப் பின்னால இறங்கிடுச்சு. வேற ஊர்ல யாரோ எடுத்துட்டாங்களாம்."

"ஏன் எனக்குக் குடுத்தீங்க?"

"நாளைக்கு மைக் முன்னாடி நின்னு நீ சொல்லிட்டு, ஒரு வருஷம் கழிச்சு வேற எவனாவது வந்து இல்லைன்னு சொன்னா... அதை என்னால பார்க்க முடியாது."

"அதை ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

அவன் கைகளைப் பார்த்துக்கொண்டான். குளிரில் விரல் முட்டிகள் வெடித்திருந்தன. "வாசல்ல ரெண்டு மூணு தடவை ஆரம்பிச்சேன். நீ பையோட நிப்பே, இல்ல நான் பையோட நிப்பேன்" என்றான். அது பதில் இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. "பயமா இருந்துச்சு. கிரகம் இல்லைன்னா உனக்கு இங்க வேலை இல்லை. நீ போயிடுவே. பாப்பாவும் நானும் மட்டும்... அதான் சொல்லலை. தப்புத்தான்."

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததும் கோபம் இன்னும் கூடியது. இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் உட்கார்ந்து, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில், பதினான்கு வருஷத்தில் என்றைக்காவது ஒருநாள் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

"சொன்னா நான் போயிடுவேன்னு பயந்தீங்க" என்றாள்.  "சொல்லாம இருந்தா இருப்பேன்னு யாரு சொன்னா?"

 அவள் கையை நீட்டினாள். அவன் கோட்டுப் பையைத் துழாவிக் கார் சாவியை எடுத்துக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். அவனும் பின்னால் எழுந்து வந்தான், வா என்று அவள் சொல்லவில்லை.